ஞாயித்துக்கிழமை மட்டும் கழலற சட்டம்

"இனிமே இந்த வீட்டுல எஞ்சினைத் தூக்கற பேச்சுக்கே இடம் கிடையாது!"

எங்க வீட்டுக்காரர் இப்படி அறிவிச்சது ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஒரு கையில டீ கிளாஸ். இன்னொரு கையால மேசை மேல ஓங்கி ஒரு தட்டு. அந்த மேசையிலதான் என் தையல் மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு வாத்தியாரோட சட்டைக் காலர், அதுபாட்டுக்கு நேராப் போய்க்கிட்டிருந்தது, சடார்னு ஒரு பக்கமாத் திரும்பிடுச்சு. சபதம் போடறவங்க சும்மா இருக்கற மேசையாப் பாத்துத் தட்டக் கூடாதா? அந்த வாத்தியாரு ரெண்டு வருஷம் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சபடியே பாடம் எடுத்தாரு. வாத்தியாரு எந்நேரமும் ஆழ்ந்த யோசனையில இருக்காருன்னு பிள்ளைங்க பயபக்தியா இருந்தாங்களாம். அது போகட்டும்.

எங்ககிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு. எங்க மூத்த பொண்ணைவிட அதுக்கு ரெண்டு வயசு கூட. பொண்ணு கட்டிக்கிட்டுப் போயிட்டா, கார் போகல. அதுக்கு அடியில குனிஞ்சு பாத்தா ஏணி மாதிரி ரெண்டு நீளமான இரும்புச் சட்டம் ஓடும். நடுவுல குறுக்க ஒரு சட்டம். அதுக்கு மேலதான் கியர்பாக்ஸ் உக்காந்திருக்கும். அவரு அதை 'கிராஸ் மெம்பர்'ம்பாரு. ஏதோ நம்ம குடும்பத்துல ஒரு மெம்பர் மாதிரி. நான் குறுக்குச் சட்டம்னுதான் சொல்வேன்.

அந்தச் சட்டம் பொறக்கறப்பவே ரெண்டு பக்கமும் அறைஞ்சு ஒட்டிப் பொறந்தது. கழலாது. கிளட்ச் பிளேட்டுன்னு சாப்பாட்டுத் தட்டு அளவுல ஒண்ணு உள்ள இருக்கு. அது தேஞ்சா மாத்தணும். மாத்தணும்னா கியர்பாக்ஸ் கீழ இறங்கணும். இறங்க விடாம குறுக்குச் சட்டம் மறிக்கும். அதனால எஞ்சினையே மேல வழியாத் தூக்கணும். மூணு கால் கம்பம், சங்கிலி, நாலு ஆளு, நாலு ஆளுக்கும் ரெண்டு வேளை சாப்பாடு. பல்லு வலிக்குத் தலையைக் கழட்டற வைத்தியம்!

"அந்தச் சட்டத்தை ரெண்டு ஓரத்துலயும் வெட்டிடறேன். வெட்டின இடத்துல தகடு வச்சு, எட்டு போல்ட்டு போடறேன். வேணுங்கறப்ப கழட்டலாம், வேணுங்கறப்ப மாட்டலாம். சட்டைக்குப் பட்டன் மாதிரி!"

பட்டன்னு சொன்னதும் நானும் மயங்கிட்டேன். என் பாஷையில பேசிட்டாரு இல்லையா.

ஆனா எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். அவருக்கு எதையும் கழட்டி மாட்டற மாதிரி பண்ணணும்னு ஒரு வியாதி. அலமாரிக் கதவு கழலும். சன்னல் கழலும். கட்டிலுக்கு நாலு காலும் கழலும். அந்தக் கட்டில்ல ஒரு தடவை என் நாத்தனார் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தாரு. நல்ல கனமான மனுஷன். மாட்ட வேண்டிய காலு நாலு, இவரு மாட்டியிருந்தது மூணு. ஆனா அவரு விழல, அதுதான் அதிசயம். ஒரு கையைத் தரையில ஊனிக்கிட்டே ரெண்டு மணி நேரம் தூங்கியிருக்காரு. எழுந்திரிச்சு, "கட்டில் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் வேலை வாங்குது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பெரிய மனுஷங்க பெரிய மனுஷங்கதான்.

சட்டத்தை வெட்டற அன்னிக்கு நான் ஷெட்டு வாசல்ல நின்னு ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன்.

"ஏங்க, ஓட்டுத்தையல் போட்டீங்களா?"

"காருக்கு ஏதும்மா ஓட்டுத்தையல்?"

"துணியோ இரும்போ, ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் புடிச்சிருக்கறதை நடுவுல வெட்டினா விலகிடும். முதல்ல ஒரு கம்பியைக் குறுக்க வச்சுப் புடிச்சுக்கிட்டு அப்பறம் வெட்டுங்க."

"நீ உன் மிஷினைப் பாரு. என் மிஷினை நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கிட்டாரு. ரெண்டாவது ஓரம் அறுபட்டதும் 'டொய்ங்'னு ஒரு சத்தம். நீளச் சட்டம் ரெண்டும் அரை விரக்கடை கிட்ட வந்துடுச்சு, ரொம்ப நாள் பிரிஞ்சிருந்த சிநேகிதங்க மாதிரி. வெட்டியெடுத்த துண்டு அதே இடத்துக்குள்ள போக மாட்டேங்குது. அடிச்சாரு, தள்ளினாரு, எண்ணெய் விட்டாரு, கெஞ்சினாரு. கடைசியில எதிர்த்த வீட்டு வெல்டிங் கடைக்காரர் வந்து, ஜாக்கி வச்சு ரெண்டையும் விலக்கி, தகடு பத்த வச்சுக் குடுத்தாரு.

அந்த வெல்டிங்காரருக்குத் தெருவுல கண்ணாடிக்காரர்னு பேரு. தூங்கற நேரம் தவிர கருப்புக் கண்ணாடி நெத்தியில இருக்கும். இரும்பையும் நல்லாப் பத்த வைப்பாரு, தெருவையும் நல்லாப் பத்த வைப்பாரு. அவரு நல்ல மனசுக்காரர், வாய்தான் ஓட்டை.

"அம்மா அப்பவே சொன்னாங்களாமே, முதல்ல கம்பியைப் புடிச்சுக்கோங்கன்னு?"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாரு.

"யாரு சொன்னா?"

"அம்மாதான்."

"எப்ப?"

"இப்பதான் டீ குடுக்கறப்ப."

எப்படியோ வேலை முடிஞ்சுது. எட்டு போல்ட்டு. ஒரு ஸ்பேனர். பத்து நிமிஷத்துல சட்டம் கையோட வந்துடும், பத்து நிமிஷத்துல ஏறிடும். தெருவையே கூப்பிட்டு மூணு தடவை கழட்டி மாட்டிக் காட்டினாரு. நானும் கை தட்டினேன். எனக்குக் குழி வெட்ட என் கண்ணு முன்னாடியே கடப்பாரையைத் தீட்டறாரு, நான் கை தட்டிக்கிட்டு நிக்கறேன்.

அடுத்த வாரமே எங்க அக்கா விழுந்துட்டா.

குளியலறைப் படியில கால் வழுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. எங்க அம்மா போனப்ப எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பதிமூணு. அவதான் எனக்குத் தலை வாரினா, அவதான் எனக்கு ஊசியில நூல் கோக்கச் சொல்லிக் குடுத்தா. முதல் நாள் விரல்ல குத்தி நான் அழுதப்ப, "விரல்ல குத்தாத ஊசி துணியில மட்டும் எப்படிக் குத்தும்?"னு கேட்டா. பதிமூணு வயசுப் பேச்சா அது? அவ்வளவு தைரியசாலி போன்ல, "நீ ஒண்ணும் வர வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்"னா. குரல் ஒடுங்கிப் போயிருந்துச்சு.

பஸ்ல போனேன். மூணு பஸ் மாறி, போய்ச் சேந்தப்ப மத்தியானம் ரெண்டு மணி. திரும்பி வர கடைசி பஸ் மூணு மணிக்கு. ஒரு மணி நேரம் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஞாயித்துக்கிழமைல வந்து ஒரு முழுப் பகல் இருந்துட்டுப் போயேன்." கார்ல போனா ஒண்ணரை மணி நேரம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அதுக்கென்ன, போலாமே"ன்னாரு. முகத்துல மட்டும் வெளக்கெண்ணெய் குடிச்ச களை.

காரணம் எங்க அத்தான், அக்கா வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். அவருக்கு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கறதுதான் பொழுதுபோக்கு. பன்னெண்டு வருஷ ரிப்போர்ட்டையும் வருஷவாரியா அடுக்கி வச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரர் போய் உக்காந்தா போதும், "சகலை, இந்த மார்ச்சுல சர்க்கரை நூத்திப் பத்து. ஏப்ரல்ல என்னன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்"பாரு. இவரு தப்பாச் சொன்னா விளக்குவாரு. சரியாச் சொன்னா அடுத்த மாசத்துக்குப் போவாரு. தப்பிக்க வழியே இல்ல.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில நான் புதுப் புடவை கட்டிக்கிட்டு ஷெட்டுக்குப் போறேன். வண்டிக்கு அடியிலேர்ந்து ரெண்டு காலு நீட்டிக்கிட்டிருக்கு. பக்கத்துல சாக்கு மேல குறுக்குச் சட்டம்.

"ஏங்க, என்ன இது?"

"கிளட்ச் சரியில்லம்மா. செக் பண்ணணும். சட்டத்தைக் கழட்டிட்டேன்."

"எப்ப முடியும்?"

"ஒரு முழு நாள் புடிக்கும். கியர்பாக்ஸ் வெறும் மரக்கட்டை மேல நிக்குது. அசைச்சா அவ்வளவுதான்."

பாவம், மனுஷன் லீவு நாள்ல கூட உழைக்கறாரேன்னு டீ போட்டு அடியில நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கிச்சு.

திங்கக்கிழமை கார் ஜம்முனு ஆபீசுக்குப் போச்சு. அடுத்த ஞாயிறு, மறுபடியும் சாக்கு மேல சட்டம். அதுக்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத் திங்கக்கிழமை வயித்து வலி வரும், பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வயித்து வலி வர்ற காரை அப்பதான் பாத்தேன். ஆனா கார்ல எனக்கு என்ன தெரியும்? சொன்னதை நம்பினேன். ஒவ்வொரு வாரமும் அக்காவுக்குப் போன் பண்ணி, "வண்டி சரியில்லக்கா"ன்னேன். அவ ஒவ்வொரு வாரமும், "பரவால்லடி"ன்னா. அஞ்சாவது வாரம் 'பரவால்ல' வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அன்னிக்குத்தான் அவரோட ஞாயித்துக்கிழமை பேண்ட்டு தைக்க வந்துச்சு. பாக்கெட்டு கிழிஞ்சிருக்குன்னாரு.

பாக்கெட்டு கிழியறதுல பல ஜாதி உண்டு. சாவி வச்சா கீழ் மூலையில ஓட்டை விழும். கையை விட்டுக்கிட்டே நிக்கறவங்களுக்கு வாய் ஓரம் பிரியும். பேனா வச்சா மை கறை. ஒருத்தர் பாக்கெட்டுல எலிப்பொறியை வச்சுக்கிட்டுத் திரிஞ்சதைக்கூட நான் கண்டுபிடிச்சிருக்கேன். ஏன் வச்சுக்கிட்டாருங்கறதை மட்டும் இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. இந்தப் பாக்கெட்டுல என்ன பாத்தேன்? துணியை உள்பக்கம் திருப்பினா, இந்தப் பக்கம் நாலு கிரீஸ் வட்டம். அந்தப் பக்கம் நாலு. மொத்தம் எட்டு.

எட்டு போல்ட்டும் நாள் முழுக்கப் பாக்கெட்டுல இருந்திருக்கு. கழட்டினதோட சரி. பாக்கெட்டுல போல்ட்டை வச்சுக்கிட்டு மனுஷன் அடியில என்ன பண்றாரு?

மறுநாள் அவரு ஆபீஸ் போனதும் ஷெட்டுக்குப் போனேன். கார் நிக்கற இடத்துல, செவுத்து ஓரமா, தகரத்துக்குப் பின்னால ஒரு குடித்தனமே இருந்துச்சு. ஒரு பாய். சின்ன ரேடியோ. ஞாயித்துக்கிழமைப் பேப்பர் அஞ்சும். பிஸ்கட் டப்பா. அப்பறம், என் மிஷின் நாற்காலியில இருந்த மெத்தை! ஒரு மாசமா மெத்தை இல்லாம மரக்கட்டையில உக்காந்து தைக்கறேன். பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்னு சொன்னவரு இவரு. எதிர் வீட்டுப் பூனையை ஒரு மாசமா நான் பாக்கற பார்வைக்கு அது வழி மாத்திப் போய்க்கிட்டிருந்துச்சு.

கோவம் வந்துச்சு. ஆனா கோவத்துல கத்திரியை எடுத்தா துணிதான் பாழாகும். மெத்தையை அங்கயே வச்சுட்டு, வந்து பாக்கெட்டைத் தச்சேன். நல்லாக் கெட்டித் துணி போட்டு, ரெட்டைத் தையல்.

"பாக்கெட்டு எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"பிரமாதம். எதைப் போட்டாலும் தாங்கும் போலிருக்கே!"

"எதைப் போடுவீங்க?"

"சும்மா... கையை."

சட்டைகள்ல ஒரு சூட்சுமம் உண்டு. சில பேருக்குப் பட்டன் அழகுக்கு வேணும், ஆனா திறக்கக் கூடாது. அதுக்கு நாங்க பின்னால ஒரே தையலா அடிச்சு மூடிட்டு, மேல சும்மா பட்டனை வச்சுத் தச்சுடுவோம். பாத்தா பட்டன். புடிச்சு இழுத்தா வராது. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன்.

"அந்த எட்டு போல்ட்டும் வெளியிலேர்ந்து பாக்க அப்படியே இருக்கணும். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல பத்த வச்சுடுங்க. தகட்டையும் சேத்துத்தான்."

"ஐயோ அம்மா, சார் கஷ்டப்பட்டுக் கழலற மாதிரி பண்ணினதும்மா அது. பாவம்மா."

"கழலறதுதான் இப்ப கஷ்டம்."

"சாருக்குத் தெரிஞ்சா?"

"உங்க வீட்டு எட்டு சன்னல் திரையும் என்கிட்ட வெட்டின நிலையில கிடக்கு."

அவரு வீட்டம்மா புதுத் திரை வருதுங்கற சந்தோஷத்துல பழசை எல்லாம் கழட்டித் தானம் பண்ணிட்டாங்க. பத்து நாளா அவங்க வீட்டுக்குள்ள யாரு என்ன சாப்பிடறாங்கன்னு தெருவே பாத்துக்கிட்டிருந்துச்சு. கண்ணாடிக்காரர் யோசிச்சாரு. நெத்தியில இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாரு.

"என்னிக்கு வரட்டும்?"

"சனிக்கிழமை காலையில, அவரு முடிவெட்டப் போறப்ப. வாயை மட்டும் திறக்கக் கூடாது."

"திரையை மூடிட்டீங்கன்னா வாயையும் மூடிடறேம்மா."

எங்க வீட்டுக்காரர் தலையில அப்பவே நாப்பது முடிதான். முடிவெட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரு முடிக்கு மூணு நிமிஷம். கடைக்காரரு வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பத்தி அபிப்பிராயம் கேப்பாரோ என்னவோ. அந்த நேரத்துல வேலை முடிஞ்சுது. மேல கருப்பு பெயிண்ட்டும் அடிச்சாச்சு. நான் எட்டுத் திரையும் மடிச்சுக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது. அவரு புதுப் பாக்கெட்டைத் தட்டிப் பாத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனாரு. நான் புடவை கட்டிக்கிட்டு, முக்காலியைக் கொண்டுபோய் ஷெட்டு வாசல்ல போட்டு, ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டு உக்காந்தேன்.

அடியிலேர்ந்து முதல்ல சீட்டி சத்தம். அப்பறம் 'க்ரிக்.' அப்பறம் நிசப்தம். மறுபடியும் 'க்ரிக்.' சீட்டி நின்னுபோச்சு.

"என்னங்க, ஆச்சா?"

"ம்... ஆகுது."

"என்ன ஆகுது?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

கால் மணி நேரம் போச்சு. ஒரு கை வெளிய வந்து சுத்தியலைத் தேடுச்சு. எடுத்துக் குடுத்தேன். 'ணங் ணங்'னு நாலு அடி. அப்பறம் இரும்புக் குழாய் கேட்டாரு, ஸ்பேனருக்கு நீளம் சேக்க. அதையும் குடுத்தேன். மூச்சு வாங்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"ஏங்க, ஏதாவது கழட்டணுமா?"

"கழட்டவா? சேச்சே. கழட்ட என்ன இருக்கு?"

"இல்ல, முக்கற சத்தம் கேட்டுச்சு."

"இறுக்கறேன். எல்லாம் நல்லா இறுக்கமா இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

அடியில ஸ்பேனர் தரையில விழற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் பரிதாபமா ஒரு குரல்.

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப வண்டி சரியாயிடுச்சு! வாங்க, குளிச்சிட்டுக் கிளம்பலாம்."

வெளிய வந்தாரு. மூக்கு நுனியில கிரீஸ். என்னைப் பாத்தாரு. தெருவுக்கு அந்தப் பக்கம் பாத்தாரு. கண்ணாடிக்காரர் வீட்டுல எட்டு சன்னல்லயும் புதுத் திரை ஆடிக்கிட்டிருந்துச்சு. எதுவும் கேக்க முடியல. 'ஏன் கழல மாட்டேங்குது'ன்னு கேட்டா, 'ஏன் கழட்டினீங்க'ன்னு நான் கேப்பேனே!

ஒண்ணரை மணி நேரத்துல அக்கா வீடு. அக்கா என் முகத்தைத் தடவிப் பாத்தா. நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அவ வீட்டுல படுக்கை மாடியில, குளியலறை கீழ. படியே ஏறக்கூடாது, மூணு மாசத்துக்குத் தரையோட இருக்கற வீட்டுல இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவ கூடத்துல ஒரு மூலையில கட்டில் போட்டுப் படுத்திருந்தா. போறவங்க வர்றவங்க எல்லாரும் எட்டிப் பாக்கற இடம்.

"எங்க வீட்டுல மாடியே கிடையாது, அங்க வந்துடேன்க்கா."

"சும்மாயிரு. உன் வீட்டுக்காரர் வாயால கூப்பிடாம நான் எப்படி வருவேன்?"

அந்த வாய் இருந்த இடத்துல, கூடத்துக்கு அந்தப் பக்கம், "ஜூன்ல என்னன்னு சொல்லுங்க பாப்போம்"னு அத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் நாலு மணி ஆச்சு. கிளம்பறோம்னதும் எங்க வீட்டுக்காரருக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ஜெயில் கதவு திறந்த மாதிரி ஒரு துள்ளல். அந்தத் துள்ளல்ல வாரி வழங்கிட்டாரு. அக்கா கட்டில் கிட்ட போய் நின்னு, "நீங்களும் சகலையும் நம்ம வீட்டுக்கு வரணும். கட்டாயம் வரணும். வந்தா ஒரு நாள் ரெண்டு நாள் கிடையாது, மூணு மாசம் இருக்கணும். சொல்லிட்டேன்!"ன்னாரு. அத்தான் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. வாசப்படி இறங்கறப்ப எல்லாரும் சொல்றதுதான். சொல்றவங்களும் மறந்துடுவாங்க, கேக்கறவங்களும் மறந்துடுவாங்க. கார் தெரு முனை திரும்பறதுக்குள்ள அந்த வார்த்தை ஆவியாப் போயிடும்.

கார் தெரு முனை திரும்பல.

எஞ்சின் உறுமுது, வண்டி நகரல. கியரை மாத்தறாரு, மறுபடியும் உறுமுது, மறுபடியும் நகரல. கருகின வாசனை. அஞ்சு வாரமா இல்லாத கிளட்ச் வியாதியைச் சொல்லிச் சொல்லி, நிஜ வியாதியை அவரு பாக்கவே இல்ல. பிளேட்டு தேஞ்சு காகிதமாயிருந்துச்சு.

அந்தத் தெருவுல ஒரு மெக்கானிக். வயசான மனுஷன், நிதானமாக் குனிஞ்சு பாத்தாரு.

"அட, குறுக்குச் சட்டத்துக்குப் போல்ட்டு போட்டு வச்சிருக்கீங்களே! யாரு சார் யோசனை? எட்டையும் கழட்டினா கியர்பாக்ஸ் கையில வந்துடும். ரெண்டு மணி நேர வேலை."

எங்க வீட்டுக்காரர் முகத்துல ஒரு வெளிச்சம். ரெண்டு நிமிஷம் இருந்துச்சு.

"ஆனா பின்னாடி பத்த வச்சிருக்கே! போல்ட்டும் போட்டு வெல்டிங்கும் வப்பாங்களா சார்? இதை அறுக்கற மிஷின் என்கிட்ட இல்ல. எஞ்சினைத்தான் தூக்கணும். சங்கிலி வெளியூர் போயிருக்கு, வியாழக்கிழமை வரும். அப்பறம் பிளேட்டு வாங்கணும். ஒரு எட்டு நாள் ஆகும்."

அவரு மெதுவா என் பக்கம் திரும்பினாரு.

"இதை யாரு பத்த வச்சது?"

"நீங்க இன்னிக்குக் காலையில எதுக்காக அதைக் கழட்டப் பாத்தீங்களோ, அதைச் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

அவரு ஒரு டம்ளர் தண்ணி கேட்டாரு.

எட்டு நாள். ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொன்னாரு. காலையில மெக்கானிக் கடையில போய் உக்காந்துக்குவாரு. மத்தியானம் அத்தானே அங்க சாப்பாடு கொண்டுபோவாரு, கையில ரத்த ரிப்போர்ட் ஃபைலோட. மெக்கானிக்கும் ஆர்வமாக் கேப்பாராம். அவருக்கும் சர்க்கரை உண்டாம். நான் சத்தியமாச் சொல்றேன், நான் கேட்டது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான். மிச்ச ஏழு நாளும் கார் குடுத்தது. அந்த ஏழு நாளும் நானும் அக்காவும் பேசினோம். அவளும் படுத்துக்கிட்டே யோசிச்சா.

ஒன்பதாம் நாள் காலையில கார் வாசல்ல வந்து நின்னுச்சு. அவரு மறுபடியும் சீட்டி அடிச்சுக்கிட்டு டிக்கியைத் திறந்தாரு. உள்ள ரெண்டு பெரிய பொட்டி, மடிச்ச படுக்கை, அக்காவோட கைத்தடி. சீட்டி பாதியில நின்னுச்சு.

"இது யாரு பொட்டி?"

"அக்காவோடது."

"அவங்க எங்க போறாங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"நானா? எப்ப?"

"நாம வந்த ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு. வந்தா மூணு மாசம் இருக்கணும்னு சொன்னீங்களே. அக்கா அதைக் கேட்டு அழுதுட்டா, தெரியுமா?"

"அது... அது கிளம்பறப்ப சொல்றதும்மா!"

"நாமதான் கிளம்பலையே!"

அதுக்குள்ள அத்தான் அக்காவை மெல்ல நடத்திக்கிட்டு வந்து பின் சீட்டுல உக்கார வச்சாரு. அக்கா, "தம்பி, உங்களுக்குத்தான் பெரிய மனசு"ன்னா. மனசார சொன்னா. அதைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரர் கைத்தடியை எடுத்து, கீறல் படாம ஓரமா வச்சு, டிக்கியைப் பூப்போல மூடினாரு. மனுஷன் கெட்டவரு இல்ல.

வண்டி தெரு முனை திரும்புச்சு. நான் அக்கா கையைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். முன் சீட்டுல அத்தான், மடியில ஃபைலை வச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரர் தோளை அன்பாத் தட்டினாரு.

"உங்களுக்கு ஒரு சிரமமும் குடுக்க மாட்டேன் சகலை. உள் ரூம்ல அவங்க ரெண்டு பேரும் இருந்துக்கட்டும். எனக்கு அந்தக் கார் ஷெட்டே போதும்."